சூதாட்ட மேசையில் பதினேழாம் வாய்ப்பாடு

பதினேழையும் பதின்மூன்றையும் பெருக்கினால் எவ்வளவு? கால்குலேட்டர் கூடாது. பக்கத்தில் கிறுக்கிப் பார்க்க நேரமும் கிடையாது. இதேபோல் இன்னும் பல கேள்விகள் கீழே வரிசையாகக் காத்திருக்கின்றன, கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரிட்டனில் ஒரு கேசினோவில் டீலர் வேலைக்கு விண்ணப்பிப்பவர் பெரும்பாலும் முதலில் சந்திப்பது இப்படி ஒரு தாளைத்தான். மேசையில் பந்தயத்தை ஏற்று, சக்கரத்தைச் சுழற்றி, வென்றவருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர் டீலர். அந்த வேலைக்குப் பட்டம் தேவையில்லை. சூதாட்ட ஆணையத்தின் தனிநபர் உரிமம் தேவை. அதற்கெல்லாம் முன்பே இந்தக் கணக்குத் தாளைக் கடந்தாக வேண்டும்.

தாளில் இருப்பவை ஆரம்பப் பள்ளிக் கணக்குகள்தான். கொஞ்சம் கூட்டல், கொஞ்சம் சதவீதம், நிறையப் பெருக்கல். ஆனால் பெருக்கலுக்கு எடுத்துக்கொண்ட எண்களைப் பாருங்கள்: 5, 8, 11, 17, 35. பள்ளியில் நாம் பதினேழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்திருந்தாலும் முப்பத்தைந்தாம் வாய்ப்பாட்டை யாரும் கேட்டதில்லை. ஒன்றுக்கொன்று உறவில்லாதவை போலத் தெரியும் இந்த ஐந்து எண்களும் எங்கிருந்து வந்தன?

ரூலட் மேசையிலிருந்து. மேசை விரிப்பில் 1 முதல் 36 வரை எண்கள், வரிசைக்கு மூன்றாகப் பன்னிரண்டு வரிசைகளில் அச்சிடப்பட்டிருக்கும். தலைமாட்டில் ஒரு பூச்சியம். ஒரே எண்ணின் மீது சிப் வைத்து அது வந்தால், ஒரு சிப்புக்கு 35 கிடைக்கும். இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள கோட்டின் மீது வைத்தால் இரண்டில் எது வந்தாலும் வெற்றிதான், ஆனால் 17 மட்டுமே கிடைக்கும். இதற்கு ஸ்பிளிட் என்று பெயர். ஒரு வரிசையின் மூன்று எண்களுக்கும் சேர்த்து வைப்பது ஸ்ட்ரீட், அதற்கு 11. நான்கு எண்கள் சந்திக்கும் மூலையில் வைப்பது கார்னர், அதற்கு 8. அடுத்தடுத்த இரண்டு வரிசைகளின் ஆறு எண்களுக்கும் வைப்பது சிக்ஸ் லைன், அதற்கு 5. தேர்வுத் தாளின் ஐந்து வாய்ப்பாடுகளும் வந்துவிட்டன.

இந்த ஐந்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்பவர்கள் பலர். ஆனால் வெல்கிற ஒவ்வொரு பந்தயத்திலும், ஆடுபவர் வைத்த சிப் அவருடையதாகவே மேசையில் நிற்கும். அதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். 35 என்பது 36 ஆகிறது. 17 என்பது 18. 11 என்பது 12. 8 என்பது 9. 5 என்பது 6. சிதறிக் கிடந்த எண்கள் ஒரே நொடியில் ஒரு குடும்பமாகிவிடுகின்றன. 36-ஐ 1, 2, 3, 4, 6 ஆகியவற்றால் வகுத்தால் கிடைக்கும் ஈவுகள் அவை. எத்தனை எண்களை உங்கள் சிப் தொடுகிறதோ அத்தனையால் 36-ஐ வகு, ஒன்றைக் கழி. ரூலட் மேசையின் சட்டம் முழுவதும் அவ்வளவுதான்.

இப்போது 17 × 13 பயமுறுத்தாது. 18 × 13 என்பது 234. அதிலிருந்து 13-ஐக் கழித்தால் 221. 35-க்கும் இதே வழி உண்டு, இன்னொரு வழியும் உண்டு: இரண்டு முப்பத்தைந்து எழுபது. ஆகவே 35 × 18 என்பது 70 × 9, அதாவது 630.

குடும்ப உறவு இன்னும் நெருக்கமானது. எட்டை இரட்டித்து ஒன்று கூட்டினால் 17. பதினேழை இரட்டித்து ஒன்று கூட்டினால் 35. மறுபுறம், பன்னிரண்டு எண்கள் கொண்ட பெரிய கட்டத்தில் வைக்கும் பந்தயத்துக்கு 2 கிடைக்கும். இரண்டை இரட்டித்து ஒன்று கூட்டினால் 5, ஐந்தை இரட்டித்து ஒன்று கூட்டினால் 11. யாரும் உட்கார்ந்து கோத்த அழகல்ல இது. 9, 18, 36 என்றும் 3, 6, 12 என்றும் இரட்டிக்கும் எண்களிலிருந்து ஒவ்வொன்றைக் கழித்ததால் தானாக விழுந்த வரிசை. ஒரு சங்கிலியில் ஓர் எண் மறந்துபோனாலும் பக்கத்து எண் அதை மீட்டுத் தந்துவிடும்.

இந்த வேலைக்கு 36 என்ற எண் எவ்வளவு பொருத்தமானது என்பது அந்தப் பொருத்தம் குலையும் இடத்தில்தான் புரியும். அமெரிக்க மேசைகளில் 0, 00 என இரண்டு பூச்சியங்கள். அங்கே 0, 00, 1, 2, 3 ஆகிய ஐந்து எண்களுக்குச் சேர்த்து ஒரு பந்தயம் வைக்கலாம். 36-ஐ ஐந்தால் வகுத்தால் மீதியில்லாமல் போகாது. சூத்திரப்படி 6.2 கொடுக்க வேண்டும். சிப்பை உடைத்துக் கொடுக்க முடியாதே, அதனால் 6 கொடுக்கிறார்கள். அந்த 0.2 வீட்டுக்கு, அதாவது கேசினோவுக்கு. அந்த மேசையின் மற்ற பந்தயங்களில் எல்லாம் வீட்டின் பங்கு 5.26 சதவீதம். இந்த ஒன்றில் மட்டும் 7.89.

வீட்டின் பங்கு எப்படி வருகிறது என்பதையும் இந்த வாய்ப்பாடே காட்டிவிடுகிறது. ஐரோப்பியச் சக்கரத்தில் பூச்சியத்தோடு சேர்த்து 37 குழிகள். ஒவ்வோர் எண்ணிலும் ஒரு பவுண்டு என்று 37 பவுண்டு வையுங்கள். எது வந்தாலும் கைக்குத் திரும்புவது 36. ஒரு பவுண்டு போய்விட்டது. 37-இல் ஒன்று, 2.70 சதவீதம். ஆட்டம் 36 எண்களுக்காகக் கணக்கிட்டுப் பணம் தருகிறது, சக்கரமோ 37 எண்களோடு சுழல்கிறது. பிரான்சுவா, லூயி என்ற பிளாங்க் சகோதரர்கள் 1843-இல் ஜெர்மனியின் பாட் ஹோம்பர்கில் ஒற்றைப் பூச்சியச் சக்கரத்தைக் கொண்டுவந்தார்கள். இரட்டைப் பூச்சியச் சக்கரத்தோடு ஒப்பிட்டால் வீட்டின் பங்கு அதில் ஏறக்குறைய பாதிதான். பிரான்சுவா பிறகு மான்டி கார்லோவின் சூதாட்ட மாளிகையையும் நடத்தினார். எந்த எண்ணை எப்படிக் கோத்து வைத்தாலும், எந்த வரிசையில் தொகையை ஏற்றி இறக்கினாலும், இந்த 2.70 மாறுவதில்லை. டீலர் வேலைக்குப் படிப்பவர் முதல் வாரத்திலேயே இதைக் காகிதத்தில் கண்ணால் பார்த்துவிடுகிறார். மேசையின் மறுபக்கம் உட்காரும் ஒவ்வொருவரும் உட்காருவதற்கு முன் இந்த ஒரு கழித்தலைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

சரி, தேர்வில் தனித்தனிப் பெருக்கல் கேட்கிறார்கள். மேசையில் கணக்கு தனியாக வராது. பந்து 17-இல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆளுக்கு எண்ணின் மீது மூன்று சிப், ஸ்பிளிட்டில் இரண்டு, கார்னர்களில் ஐந்து, ஸ்ட்ரீட்டில் ஒன்று. 105, 34, 40, 11. கூட்டினால் 190. இதைத் தலைக்குள் முடித்து, தொகையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்த ஆளின் சிப்புகளும் காத்திருக்கின்றன. கூட்டமான மேசையில் மணிக்கு நாற்பது சுற்று நடந்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம். பந்தயம் வைக்கவும், பந்து ஓடி நிற்கவும், தோற்ற சிப்புகளை வாரவும் போக, கணக்குக்கு மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

அவ்வளவு நேரத்தில் எப்படிச் செய்கிறார்கள்? பெரும்பாலும் அவர்கள் பெருக்குவதே இல்லை. நெரிசலான பேருந்தில் நடத்துநர் "நாலு பதினேழு, அறுபத்தெட்டு" என்று சொல்லும்போது பெருக்கிக்கொண்டா நிற்கிறார்? விடை முன்பே அவரிடம் இருக்கிறது. டீலரும் அப்படித்தான். ஆனால் டீலர் எண்களோடு நிற்காமல் ஒரு படி மேலே போய், சிப்புகள் கிடக்கும் வடிவத்தையே மனப்பாடம் செய்கிறார்.

ஓர் எண்ணின் நடுவில் ஒரு சிப், அதன் நான்கு பக்கக் கோடுகளிலும் ஒவ்வொன்று, நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று. மொத்தம் ஒன்பது, மூன்றுக்கு மூன்று சதுரமாகக் கண்ணில் படும். இதன் விலை 135. நான்கு பக்கமும் நான்கு மூலையும் இருந்து நடு மட்டும் காலியாக இருந்தால் சரியாக 100. நடுவும் பக்கங்களும் மட்டும் என்றால், அது ஒரு சிலுவை, 103. நடுவும் மூலைகளும் என்றால் 67. பயிற்சிப் பள்ளிகளில் இவற்றைப் பிக்சர் பெட் என்பார்கள். ஒரு முகத்தைப் பார்த்ததும் பெயர் வருவதைப் போலப் படத்தைப் பார்த்ததும் எண் வரும்வரை பழகுகிறார்கள். ஒன்பது தொகைகளை எட்டு முறை கூட்ட வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பார்வை.

இந்தப் படங்களில் மிகப் பெரியதன் பெயர் கம்ப்ளீட் பெட். ஓர் எண்ணைத் தொடும் எல்லா இடங்களிலும், அந்த இடம் எத்தனை எண்களை உள்ளடக்குகிறதோ அத்தனை சிப்புகள். 17-ஐ எடுத்துக்கொண்டால், எண்ணின் மீது 1, நான்கு ஸ்பிளிட்களில் இரண்டிரண்டாக 8, ஸ்ட்ரீட்டில் 3, நான்கு கார்னர்களில் நந்நான்காக 16, இரண்டு சிக்ஸ் லைன்களில் ஆறாறாக 12. மேசையில் 40 சிப்புகள். 17 வந்தால் கொடுக்க வேண்டியது எவ்வளவு? நேர் வழியில் போனால் 35, 136, 33, 128, 60. கூட்டினால் 392. அனுபவமுள்ள எந்த டீலரும் இந்த 392-ஐ உறக்கத்திலும் சொல்வார்.

ஆனால் 36-இன் வழியே வந்து பாருங்கள், எனக்கு இந்த மேசையில் மிகப் பிடித்த இடம் இதுதான். ஸ்பிளிட்டில் இரண்டு சிப், ஒவ்வொன்றும் 18 ஆகிறது: 36. ஸ்ட்ரீட்டில் மூன்று சிப், ஒவ்வொன்றும் 12: மறுபடி 36. கார்னரில் நான்கு ஒன்பதுகள், 36. சிக்ஸ் லைனில் ஆறு ஆறுகள், 36. ஒவ்வோர் இடமும் தப்பாமல் அதே 36-ஐத் திருப்பித் தருகிறது. இடங்கள் பன்னிரண்டு. பன்னிரண்டு முப்பத்தாறு 432. அதில் ஆடுபவரின் சொந்தச் சிப்புகள் 40-ஐக் கழித்தால் 392. ஓரப் பத்தியில் இருக்கும் 16-க்கும் இதே வழி: தொடும் இடங்கள் ஒன்பது, சிப்புகள் 30, ஆக 324-இல் 30 போக 294. பூச்சியத்துக்கு ஏழு இடங்கள், 17 சிப்புகள், 235. ஐந்து வாய்ப்பாடுகளும் இங்கே கரைந்து ஒரே வாய்ப்பாடாகிவிடுகின்றன.

இதோடு முடிவதில்லை. ரூலட்டில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு நிறம். ஒரே எண்ணில் பலர் வைக்கும்போது யாருடையது எது என்று தெரிய வேண்டுமே. அந்த நிறச் சிப்பின் மதிப்பு ஆளுக்கு ஆள் மாறும். 135 சிப் என்பது ஒருவருக்கு 135 பவுண்டு. 25 பென்ஸ் மதிப்பில் ஆடுபவருக்கு 33 பவுண்டு 75 பென்ஸ். இரண்டரை பவுண்டு என்றால் 337 பவுண்டு 50 பென்ஸ். அதையும் அப்படியே நீட்டிவிட மாட்டார்கள். ஒரு பவுண்டுக்காரருக்கு 115 பவுண்டைப் பணச் சிப்புகளாகவும், மீதி இருபதை அவருடைய நிறத்திலேயே ஓர் அடுக்காகவும் தரலாம், அவர் தொடர்ந்து ஆட வசதியாக. தேர்வுத் தாளில் பின்னங்களும் தலைகாட்டுவது இதனால்தான்.

இருபது என்பது ரூலட் அடுக்கின் அளவு. டீலர் அந்த அடுக்கை மேசையில் ஐந்தைந்தாக நான்கு துண்டாகப் பிரித்துக் காட்டிவிட்டுத் தள்ளுவார். மேலிருக்கும் கேமராவும் மேற்பார்வையாளரும் எண்ணாமலே சரிபார்க்க வேண்டும் என்பதற்காக. இதில் மனித மூளையின் ஓர் எல்லை பதுங்கியிருக்கிறது. மூன்று நான்கு பொருள்கள்வரை நாம் எண்ணுவதில்லை, பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் எண்ணத் தொடங்குகிறோம், நேரம் கூடுகிறது, தவறும் கூடுகிறது. 1949-இல் உளவியலாளர்கள் இதற்குச் சபிடைசிங் என்று பெயர் வைத்தார்கள். கண்ணெண்ணிக்கை என்று சொல்லிக்கொள்ளலாம். இருபது சிப்பின் ஒற்றைக் கோபுரத்தைக் கண் எண்ணாது. சம உயரத்தில் நான்கு சிறு அடுக்குகளை எண்ணிவிடும். ஒன்று உயரம் குறைந்தாலும் அதே கணத்தில் தெரிந்துவிடும்.

மூளையின் இன்னோர் எல்லை தேர்வறையில் வேலை செய்கிறது. கணக்குப் போடும்போது இடைவிடைகளைச் சில நொடிகள் தாங்கிப் பிடிக்கும் திறனுக்குச் செயல்நினைவு என்று பெயர். அது மிகச் சிறியது. ஏறக்குறைய ஏழு உருப்படிகள் என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். நெல்சன் கோவன் 2001-இல் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார். அதே 2001-இல் மார்க் ஆஷ்கிராஃப்டும் எலிசபெத் கிர்க்கும் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: கணக்கைக் கண்டு வரும் பதற்றம், கணக்குப் போடும்போது அந்தச் சிறிய இடத்திலேயே ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. "எனக்குக் கணக்கு வராது" என்ற எண்ணம் ஒரு சுமையாகவே உள்ளே உட்காருகிறது. வீட்டில் சரியாகச் சொன்ன 17 × 8 தேர்வறையில் நழுவுவது திறமைக் குறைவால் மட்டும் அல்ல. அதைச் சொல்லிக்கொள்ளாமல் எத்தனை பேர் தங்களை முட்டாள் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்!

ஆகவே தயாரிப்பின் நோக்கம் வேகமாகப் பெருக்கக் கற்பதல்ல. பெருக்கவே தேவையில்லாத நிலைக்கு வருவது. நினைவிலிருந்து நேரே எழும் விடை செயல்நினைவில் இடம் கேட்பதில்லை, பதற்றத்தால் அதைப் பறிக்கவும் முடியாது. அதற்குச் சிறந்த வழி வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பது என்று தோன்றும். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் செய்த சோதனைகள் வேறு விதமாகச் சொல்கின்றன. மாணவர்களில் சிலர் ஒரு பாடத்தை மறுபடி வாசித்தார்கள், சிலர் மூடிவைத்து நினைவுகூர்ந்து பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முன்னே. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவுகூர்ந்தவர்கள் முன்னே. தேர்வோ இன்றைக்கு அல்ல, அடுத்த வாரம்.

அதனால் சின்ன அட்டைகளில் கேள்வியை ஒரு பக்கமும் விடையைப் பின்பக்கமும் எழுதி, கலைத்துப் போட்டு, விடையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். கலைப்பது முக்கியம். வரிசையாக ஒப்பிப்பவர் 17 × 8 கேட்டால் 17 × 1-இலிருந்து கிளம்பி வருவார். ஒரே இரவில் மூன்று மணி நேரத்தைவிடத் தினம் பத்து நிமிடம் மேல். இடைவெளி விட்டுப் படித்தால் நினைவு நிலைக்கும் என்பதை ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-லேயே தம்மைத் தாமே சோதித்துக் காட்டினார். முதலில் நங்கூரங்களைப் பிடித்துக்கொள்ளலாம்: 17 × 3 என்பது 51, 17 × 6 என்பது 102, 17 × 12 என்பது 204. ஐம்பது, நூறு, இருநூறு ஆகியவற்றின் வாசலிலேயே நிற்பதால் மறக்காது. 17 × 7 வேண்டுமா, 102-இலிருந்து ஒரு தாவல், 119. முப்பத்தைந்துக்கு 105, 210, 350, 700 போதும்.

மற்ற ஆட்டங்களின் கணக்கு இதைவிட எளிது. பிளாக்ஜாக்கில் முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் இரண்டுக்கு மூன்று: வைத்த தொகையோடு அதன் பாதி. 15-க்கு 22.50. சில மேசைகளில் ஐந்துக்கு ஆறுதான், அதாவது ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். 25 வைத்தவருக்கு 37.50-க்குப் பதில் 30. பாக்கராவில் பேங்கர் பக்கம் வென்றால் ஐந்து சதவீதக் கழிவு. பத்தில் ஒரு பங்கை எடுத்து அதில் பாதி, 700-க்கு 35.

தேர்வுக்குப் போகிறவருக்குச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. ரூலட் தொகைகள் தம்மைத் தாமே சரிபார்க்கும் ஒரு முத்திரையோடு வருகின்றன. 36, 18, 12, 9, 6 எல்லாமே மூன்றால் வகுபடுபவை. ஆகவே, ரூலட்டின் இந்த ஐந்து வகைப் பந்தயங்களில் எது வென்றாலும், கொடுக்கும் தொகையோடு வென்ற சிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் அது மூன்றால் வகுபட்டே ஆக வேண்டும். 392-உம் 40-உம் 432. இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது, சரி. முன்பு பார்த்த 190-க்கு வென்றவை 11 சிப்புகள், மொத்தம் 201, இலக்கக் கூடுதல் மூன்று, சரி. தாளில் 35 × 14-க்கு 480 என்று எழுதிவிட்டீர்களா? 14-ஐக் கூட்டினால் 494, இலக்கங்கள் 17, மூன்றால் வகுபடவில்லை. எங்கோ ஒரு பத்து நழுவியிருக்கிறது. விடை 490. மூன்றின் மடங்காக அமைந்த பிழைகள், ஒன்பதோ முப்பதோ தவறினால், இந்த வலையில் சிக்காது. ஆனால் மனக்கணக்கில் அடிக்கடி நழுவுவது ஒரு பத்து, ஒரு நூறு. பத்தும் நூறும் மூன்றால் வகுபடாதவை. அவை ஒவ்வொரு முறையும் சிக்கிவிடும்.